எல்ஜினிலிருந்து ரெக்ஸ் வரை: பெங்களூர் தண்டில் தியேட்டர்கள் போனது எதனால்?

தண்டுக்காரன்:

பெங்களூர்த் தண்டில், அதாவது பழைய வெள்ளைக்காரப் படை முகாம் (கன்டோன்மென்ட்) பகுதியில், சிவாஜிநகர், அல்சூர், காக்ஸ் டவுன், மர்பி டவுன், வண்ணாரப்பேட்டை பக்கம் வளர்ந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதனால்தான் இந்த இழையை இங்கே தொடங்குகிறேன். பிளாசா, ரெக்ஸ், கேலக்ஸி, லிடோ, ப்ளூ மூன், ப்ளூ டயமண்ட், பி.ஆர்.வி., எல்ஜின். எம்.ஜி. ரோடில் நின்றால் நடந்தே போய்ச் சேரக்கூடிய தூரத்தில் இவ்வளவும் இருந்தன. இவற்றில் ஒன்றுகூட இன்று பழைய ஒற்றைத் திரைத் தியேட்டராக இல்லை.

எல்ஜின்தான் இதில் மூத்தது. கட்டடம் எழுந்த வருடம் 1896. பம்பாய் வாட்சன் ஓட்டலில் லூமியேர் சகோதரர்களின் துண்டுப் படங்களைக் காட்டியதும் அதே 1896 ஜூலையில்தான். எல்ஜின் அப்போது சினிமாக் கொட்டகை அல்ல, நடனக் கூடம். அன்றைய வைஸ்ராய் எல்ஜின் பிரபு, அவர் பெயரையே வைத்தார்கள். கட்டியது தண்டு முதலியார் ஒருவர். பிறகு ஊமைப்படம் வந்தது, 1930களில் பேசும்படம் வந்தது, கூடம் டாக்கீஸ் ஆனது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஆடிய இடத்தில், அவர்களுக்குக் கட்டடம் கட்டியவர்கள், கறி சப்ளை செய்தவர்கள், தோட்டம் பார்த்தவர்கள் இவர்களின் பிள்ளைகள் உட்கார்ந்து தமிழும் இந்தியும் பார்த்தார்கள். 1809இல் தண்டு உருவானபோது ஆற்காடு, வேலூர்ப் பக்கமிருந்து படையோடு வந்த தமிழர்களின் கதையில் எல்ஜினுக்கும் ஓர் இடம் உண்டு. நகர வரலாறு என்று வரும் புத்தகங்களில் பிளாசாவும் ரெக்ஸும் பக்கம் பக்கமாக வருகின்றன. எல்ஜினுக்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம். அது எனக்கு வலிக்கிறது.

"மல்டிப்ளெக்ஸ் வந்தது, தியேட்டர் போனது" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. கோரமங்களா ஃபோரம் மாலில் பிவிஆர் மல்டிப்ளெக்ஸ் 11 திரையோடு வந்தது 2004இல். ரெக்ஸ் கடைசிக் காட்சி ஓட்டியது 2018 டிசம்பர் 31 அன்று. நடுவில் 14 வருடம். மல்டிப்ளெக்ஸ்தான் கொன்றது என்றால் இத்தனை வருடம் எப்படித் தாங்கியது? உள்ளே இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ரீல்பெட்டி:

நான் தியேட்டரில் படம் ஓட்டிய ஆபரேட்டர். இப்போது ஓய்வில் இருக்கிறேன். எந்தத் தியேட்டர் என்பது வேண்டாம். கேபினுக்குள் நடந்ததைச் சொல்கிறேன், உங்கள் கேள்விக்கு அதிலேயே பாதி பதில் இருக்கிறது.

35 எம்.எம். ஃபிலிம் நொடிக்கு 24 பிரேம், நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ஒரு ரீல் ஆயிரம் அடி, அதாவது 11 நிமிடம். இரண்டு ரீலை ஒட்டி ஒரு ஸ்பூலில் ஏற்றுவோம். இரண்டு மெஷின் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்றில் ரீல் முடியப்போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி வரும். முதல் புள்ளிக்கு அடுத்த மெஷின் மோட்டாரைப் போட வேண்டும், இரண்டாம் புள்ளிக்கு மாற்ற வேண்டும். கீழே ஆயிரம் பேர் உட்கார்ந்திருப்பார்கள், ஒருவருக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் விசில், கூச்சல்.

வெளிச்சம் கார்பன் குச்சியிலிருந்து வந்தது. இரண்டு குச்சிக்கும் நடுவில் உள்ள இடைவெளி மாறாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எரிய எரிய அது விலகும், படம் மங்கும். புகை போக மேலே குழாய் உண்டு, ஆனாலும் வெயில் காலத்தில் கேபினில் நிற்க முடியாது. பிறகு செனான் விளக்கு வந்தது. உடம்புக்கு அது பெரிய விடுதலை.

பழைய தியேட்டர்களில் கேபின் சுவர் ஏன் அவ்வளவு தடிமன், ஜன்னலுக்கு ஏன் இரும்புத் தகடு என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் பற்றிக்கொண்டால் அணைக்கவே முடியாது. அதற்காகத்தான் சட்டமே கேபினை அப்படிக் கட்டச் சொன்னது. 1950களில் எளிதில் தீப்பிடிக்காத ஃபிலிம் வந்துவிட்டது, கேபின் மட்டும் அப்படியே நின்றது.

ஒரு பிரிண்ட் போட ஐம்பது அறுபதாயிரம் ஆகும் என்பார்கள். அதனால் ஒரே பிரிண்டை இரண்டு தியேட்டர் பங்கு போட்டுக்கொள்வதும் உண்டு. இங்கே இன்டர்வெல் விட்டதும் முதல் பாதிப் பெட்டி ஸ்கூட்டரில் அங்கே போகும். வழியில் டிராஃபிக் என்றால் அங்கே விளம்பர ஸ்லைடு ஓடிக்கொண்டே இருக்கும்.

2010ஐ ஒட்டி க்யூப், யூஎஃப்ஓ என்று டிஜிட்டல் வந்தது. பெட்டி போய் ஹார்ட் டிஸ்க்கும் சாட்டிலைட்டும் ஆனது. படம் கீறல் இல்லாமல் தெரிந்தது, நல்லதுதான். ஆனால் கேபினில் நாலு பேர் வேலை ஒருவருக்கு என்றானது. இன்னொன்றையும் கவனியுங்கள். முன்பு பிரிண்ட் கைக்கு வருகிற தியேட்டருக்குத்தான் படம். இப்போது ஒரே நாளில் ஊரெல்லாம் ரிலீஸ். ஐம்பது நாள், நூறு நாள் ஓடிய படம் இரண்டு வாரத்தில் முடிந்துவிடுகிறது. ஆயிரம் சீட் உள்ள தியேட்டருக்கு முதல் மூன்று நாள் மட்டும்தான் கூட்டம். வியாழக்கிழமை மேட்னிக்கு முப்பது பேர். அந்த முப்பது பேருக்கும் அதே விளக்கு, அதே மின்விசிறி, அதே ஆட்கள்.

காக்ஸ் டவுன் அக்கா:

ரீல்பெட்டி அண்ணே, நீங்கள் மேலே நின்று பார்த்ததை நாங்கள் கீழே உட்கார்ந்து பார்த்தோம்.

எங்களுக்கு லாவண்யாதான். செயின்ட் ஜான்ஸ் ரோடு. அப்புறம் அல்சூரில் அஜந்தா, இந்தப் பக்கம் நாகா, சேவாநகரில் முகுந்தா, சேஷாத்ரிபுரத்தில் நடராஜ். தமிழ்ப் படம் என்றால் இந்தப் பெயர்கள்தான் வாயில் வரும். பிளாசா, ரெக்ஸ் எல்லாம் இங்கிலீஷ் படம். அங்கே போக ஒரு நல்ல செருப்பு வேண்டும் என்று எங்கள் அம்மா சொல்வார்கள். அதனால் "கன்டோன்மென்ட் தியேட்டர்" என்று பத்திரிகையில் படிக்கும்போதெல்லாம் எங்கள் தியேட்டர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லையே என்று தோன்றும்.

பெண்களுக்குத் தனி வரிசை இருந்தது. எங்கள் தெருவிலிருந்து நாலைந்து வீட்டுப் பெண்கள் சேர்ந்து மேட்னிக்குப் போவோம். கைக்குழந்தையோடு வருவார்கள், சாப்பாட்டு டப்பாவோடு வருவார்கள், வெளியே பாட்டுப் புத்தகம் வாங்குவார்கள். திரைக்கு முன்னால் உள்ள மலிவான காந்தி கிளாஸ் டிக்கெட் எடுத்தவர்களும் பால்கனிக்காரர்களும் ஒரே நேரத்தில் அழுவார்கள்.

நடுநடுவே எல்லாம் நின்றுபோகும். 1991 டிசம்பர் காவிரிக் கலவரத்தில் தமிழ்ப் போஸ்டர் ஒன்றுகூடச் சுவரில் இல்லை. 2000 ஜூலை 30இல் டாக்டர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திக்கொண்டு போனான். அவர் திரும்பி வர 108 நாள் ஆனது. அத்தனை நாளும் இங்கே தமிழ்ப் படம் இல்லை, வீட்டில் டேப் சத்தத்தையும் குறைத்தே வைத்தோம். ராஜ்குமார் பத்திரமாக வரவேண்டும் என்று தண்டு மாரியம்மனுக்கு எங்கள் பாட்டி நேர்ந்துகொண்டார். அவர் படமும் பாட்டிக்குப் பிடிக்கும், எங்கள் பயமும் பாட்டிக்குத் தெரியும்.

அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை 1991இல் வந்து, 2009 ஆகஸ்ட் வரை துணி சுற்றியே நின்றது. லாவண்யாவுக்குப் போகிற வழி அது. படம் பார்க்கப் போகும்போதெல்லாம் அந்த மூடிய சிலையைத் தாண்டித்தான் போவோம்.

கணக்குப்பிள்ளை:

விநியோகத் தரப்பில் நெடுங்காலம் கணக்கு எழுதியவன். தண்டுக்காரன் கேட்டதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறேன்.

முதலில் வரி. ஜிஎஸ்டி வரும்வரை, அதாவது 2017 ஜூலை 1 வரை, கர்நாடகத்தில் கன்னடப் படத்துக்குக் கேளிக்கை வரி விலக்கு இருந்தது. மற்ற மொழிப் படத்துக்கு வரி உண்டு. ஒரு மாநிலம் தன் மொழிப் படத்தைத் தாங்கிப் பிடிப்பதில் எனக்குக் குறை இல்லை. தமிழ்நாடும் அதையே செய்தது. ஆனால் தமிழ்ப் படத்தையே நம்பி ஓடிய தியேட்டருக்கு ஒவ்வொரு டிக்கெட்டிலும் அந்தச் சுமை இருந்தது என்பதையும் சொல்லத்தானே வேண்டும். 

அடுத்தது 2004. மற்ற மொழிப் படங்கள் வெளியாகி ஏழு வாரம் கழித்துத்தான் இங்கே வரவேண்டும் என்று கர்நாடகத் திரைப்பட வர்த்தக சபை அந்த வருடம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஏழு வாரத்துக்குள் திருட்டு விசிடி வீட்டுக்கு வந்துவிடும். அவசரக்காரர்கள் பஸ் ஏறி ஓசூரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அப்போது ஓசூர்ப் பழக்கம் பிடித்தவர்கள் பிறகும் விடவில்லை. 2018 ஜூனில் ரஜினி படத்துக்கு உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2025 ஜூனில் கமல் படம் உச்ச நீதிமன்றம் சொல்லியும் இங்கே வெளியாகவில்லை. அப்போதும் ஓசூர்தான்.

மூன்றாவது வாடகை முறை. பெங்களூர்ச் சிங்கிள் ஸ்கிரீன்களில் பெரும்பாலும் வாரத்துக்கு இவ்வளவு என்று வாடகை பேசுவார்கள். படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் தயாரிப்பாளர் கொடுக்க வேண்டும். மல்டிப்ளெக்ஸில் வசூலில் சதவீதம். சின்னப் படக்காரர் எங்கே போவார்? தியேட்டர்காரருக்கு வாடகை பாதுகாப்பாகத் தெரிந்தது, நாளடைவில் அதனாலேயே படம் கிடைக்காமல் போனது.

இவ்வளவையும் தாங்கியவர்கள் இருந்தார்கள். தாங்க முடியாதது ஒன்றுதான், நிலம். தாத்தா கட்டியிருப்பார். மூன்றாம் தலைமுறையில் பங்குதாரர் பத்துப் பன்னிரண்டு பேர், பாதிப் பேர் வெளிநாட்டில். வருட வருமானத்தைப் பிரித்தால் கைக்கு வருவது சொற்பம். இடத்தை விற்றாலோ, கட்டித் தருகிறவரிடம் கொடுத்தாலோ தலைமுறைக்கும் போதும். அந்தக் கூட்டத்தில் தியேட்டர் வேண்டும் என்று சொல்கிறவர் ஒருவர், அவருக்கும் வயது எழுபதுக்கு மேல். நான் பார்த்தவரை கதை இப்படித்தான் முடிந்தது. நஷ்டத்தில் மூடியதைவிட, லாபம் போதவில்லை என்று மூடியதே அதிகம்.

பேட்டைவாசி:

மொழிப் பிரச்சினைதான் காரணம் என்று யாராவது முடிவுகட்டிவிடுவதற்கு முன் மெஜஸ்டிக் பக்கம் வாருங்கள்.

அந்த இடத்துக்கே மெஜஸ்டிக் என்று பெயர் கொடுத்த தியேட்டர் போய்விட்டது. 1968இல் மொரார்ஜி தேசாய் திறந்துவைத்த கபாலி, 1,400க்கும் மேல் சீட், வளைந்த சினிராமாத் திரை. அது 2017இல் மூடி இடிபட்டது. சாங்கி ரோடில் காவேரி, 1974 ஜனவரியில் ராஜ்குமார் படத்தோடு திறந்தது, பொன்விழா வருடமான 2024இல் மூடினார்கள். இவையெல்லாம் கன்னட சினிமாவின் கோட்டைகள். வரி விலக்கு இருந்தது, ரசிகர் சங்கம் இருந்தது, மொழியின் ஆதரவு இருந்தது. அவையும் நிற்கவில்லை.

என் கன்னட நண்பர்கள் கபாலியைப் பற்றிப் பேசும்போது அக்கா லாவண்யாவைப் பற்றிப் பேசுவது போலவேதான் பேசுகிறார்கள். கபாலியில் தமிழ்ப் பையன்கள் ராஜ்குமாருக்கு விசில் அடித்தார்கள், நடராஜில் கன்னடப் பையன்கள் ரஜினி கட்அவுட்டுக்குப் பால் ஊற்றினார்கள். ரஜினி இந்த ஊர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், அவரை அவர்கள் விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள். அந்தக் கலப்பு போனதுதான் எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிகிறது.

மாரத்தஹள்ளி:

பெரியவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நான் மென்பொருள் வேலைக்கு மதுரையிலிருந்து வந்தவள். 2012இல் இங்கே ஒரு பழைய தியேட்டருக்குத் தோழிகளோடு போனேன். கழிப்பறைக்குள் கால் வைக்க முடியவில்லை. பின்சீட்டில் இருந்தவன் இடைவேளை வரை தொல்லை கொடுத்தான், ஊழியரிடம் சொன்னோம், அவர் கண்டுகொள்ளவில்லை. மறுபடி நான் சிங்கிள் ஸ்கிரீன் பக்கமே போகவில்லை. மாலில் விலை அதிகம்தான், ஆனால் இரவுக் காட்சி முடிந்து தனியாக ஆட்டோ பிடிக்க முடிகிறது. நீங்கள் சொல்லும் மேட்னிக் காலம் நன்றாக இருந்திருக்கலாம். எனக்குக் கிடைத்தது அந்தத் தியேட்டர் இல்லை.

காக்ஸ் டவுன் அக்கா:

கோபம் எதற்கு தங்கச்சி. நீ சொல்வது நடந்ததுதான், எங்களுக்கும் கடைசி வருடங்களில் நடந்தது. தனி வரிசை போனது, டார்ச் அடித்து இடம் காட்டுகிறவர்கள் போனார்கள், பெண்கள் கூட்டம் குறையக் குறைய மீதி இருந்தவர்களும் நின்றுவிட்டோம். பராமரிப்புக்குச் செலவு செய்யாததற்குக் காரணம் கணக்குப்பிள்ளை சார் சொன்னதுதான். எப்படியும் விற்கப்போகிற இடத்துக்கு யார் புதுக் கழிப்பறை கட்டுவார்கள்?

ஆனால் எங்கள் வீட்டில் வேலைக்கு உதவியாக வரும் பெண், அல்சூர் பக்கம் குடியிருப்பவள், அவள் இப்போது எங்கே படம் பார்க்கிறாள் தெரியுமா? போனில். ஒரு குடும்பம் மாலுக்குப் போய்வந்தால் அவளுடைய ஒரு வாரச் சம்பளம் போய்விடும். 2025 செப்டம்பரில் டிக்கெட் 200 ரூபாய்க்கு மேல் கூடாது என்று அரசு உத்தரவு போட்டது, அதே மாதம் உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. உனக்கு ஒரு பாதுகாப்பான தியேட்டர் வேண்டும், அவளுக்குக் கட்டுப்படியாகும் தியேட்டர் வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் இருந்திருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம்.

மாட்டுங்கா வாசி:

மும்பையிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு அரோரா. கிங்ஸ் சர்க்கிளில், தாராவியிலிருந்தும் கோலிவாடாவிலிருந்தும் வந்து மொய்ப்பார்கள். ரஜினி படம் என்றால் விடியற்காலையிலேயே மேளம். இங்கே ஒரு விதி உண்டு. பழைய தியேட்டரை இடித்துக் கட்டுவதானால் முன்பு இருந்த சீட்டில் மூன்றில் ஒரு பங்காவது உள்ள தியேட்டரைப் புதுக் கட்டடத்தில் வைக்க வேண்டும். அதனாலேயே விற்க முடியாமல் பூட்டிக் கிடக்கிறது என்று உரிமையாளர்கள் வருத்தப்படுவார்கள், அதுவும் நியாயம்தான். ஆனாலும் நகரத்துக்குத் தியேட்டர் ஒரு தேவை என்று அரசாங்கம் எழுத்தில் ஒப்புக்கொண்டது பெரிய விஷயம். பெங்களூரில் அப்படி ஏதாவது இருந்திருந்தால் பழைய தியேட்டர்கள் இருந்த இன்னும் பல இடங்களில் ஒரு சின்னத் திரையாவது மிஞ்சியிருக்கும்.

தண்டுக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. படித்துப் படித்து என் எண்ணம் இன்னும் உறுதிப்படுகிறது. கேபினில் ஆள் குறைந்தது, வரி, ஏழு வாரம், கழிப்பறை எல்லாமே தியேட்டரைப் பலவீனப்படுத்தின. இடித்தது நிலத்தின் விலை. கபாலியும் எல்ஜினும் ஒரே முடிவுக்கு வந்தன என்றால் வேறு என்ன பொதுவாக இருக்கிறது?

அதே சமயம், இடிப்பது ஒன்றுதான் வழி என்று நான் நம்பவில்லை. பிரிகேட் ரோடு மூலையில் ஓபரா ஹவுஸைப் பாருங்கள். 2018இல் சாம்சங் அதை எடுத்துக் காட்சியகம் ஆக்கியது. நாடகமும் சினிமாவும் பார்த்த கட்டடம், இன்று போன் விற்கிறது. ஆனாலும் சுவர் நிற்கிறது, வாசல் நிற்கிறது, உள்ளே போய் நிமிர்ந்து பார்க்கலாம். பி.ஆர்.வி.யும் ராணுவக் கேன்டீனாக நிற்கிறது. பிளாசா 1936இல் கட்டியது. அது இருந்த இடம் எம்.ஜி. ரோடு மெட்ரோ நிலையத்தோடு சேர்ந்துவிட்டது. மெட்ரோ வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் அதில்தான் போகிறேன். அந்த நிலையத்தின் சுவரில் இங்கே பிளாசா இருந்தது என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒரு பலகை வைக்கச் சொல்லிக் கேட்கலாம். சிவாஜிநகரில் எல்ஜினுக்கும் அதே மாதிரி. மூன்று மொழியும் பார்த்த இடங்கள் இவை.

பேட்டைவாசி, உங்கள் கன்னட நண்பர்களையும் சேர்த்து ஒரு மனு எழுதலாமா? தமிழர்கள் மட்டும் கேட்டால் அது வேறு மாதிரி படிக்கப்படும். கபாலியையும் சேர்த்தே கேட்போம்.

பேட்டைவாசி:

கண்டிப்பாக. கன்னட வடிவத்தை நான் எழுதித் தருகிறேன். இரண்டு பேரிடம் இப்போதே பேசிவிட்டேன், அவர்கள் மெஜஸ்டிக் பக்கம் போன தியேட்டர்களின் பட்டியலே வைத்திருக்கிறார்கள்.

ரீல்பெட்டி:

பலகை வரட்டும், நல்லது. அதற்கு முன் கையில் இருப்பதைக் காப்பாற்றுங்கள். பழைய ஆபரேட்டர்கள், டிக்கெட் கொடுத்தவர்கள், சைக்கிள் ஸ்டாண்டு பார்த்தவர்கள் பலருக்கு எழுபது எண்பது வயது. அவர்களை உட்காரவைத்துப் பேசச் சொல்லி போனில் பதிவு செய்யுங்கள், எந்தத் தியேட்டர், எந்த வருடம் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பாட்டுப் புத்தகம், டிக்கெட் துண்டு, ஆபரேட்டர் லைசென்ஸ் இருந்தால் இரண்டு பக்கமும் ஸ்கேன் எடுங்கள். அல்சூர்த் தமிழ்ச் சங்கத்தில் நூலகம் இருக்கிறது, அங்கே ஒரு பிரதி கொடுக்க முடியுமா என்று நான் நேரில் போய்க் கேட்கிறேன்.

பிளாசா, ரெக்ஸ் படங்கள் நிறையக் கிடைக்கின்றன. எல்ஜின் உட்புறம் கிடைக்கவில்லை. பால்கனியோ, மேடையோ, கேபினோ தெரிகிற மாதிரி யாரிடமாவது ஒரு போட்டோ இருந்தால், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, முதலில் அதை இங்கே போடுங்கள்.